பதில் எழுதப்படாத காவலன்

அன்றைக்கு மாதா கோயில் தெரு வாசகசாலையின் மாடி அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அவர்களில் சிலர், தாங்கள் அங்கே இல்லவே இல்லை என்றும், இருந்தாலும் அந்த நேரத்தில் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்ததாகவும் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பல்தசார் இருந்தார். மருந்துக்கடை ஹமீதா இருந்தாள். இன்சூரன்ஸ் முகவர் கோமதிநாயகம் இருந்தார். பள்ளியில் கணினி கற்பிக்கும் ஜெபசீலி இருந்தாள். ஜெராக்ஸ் கடை பிரகாசி இருந்தாள். அவளுடைய அண்ணன், இறால் கம்பெனியின் மேற்பார்வையாளன் ரெமிஜியுஸ், அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தான். விசாரணை நடத்த வந்த ஆய்வாளர் இன்பவல்லி மேசைக்குப் பின்னால் இருந்தார். கம்பெனியின் முதலாளி வரவில்லை; தாம் உட்காருவதற்கென்று அவர் காலையிலேயே அனுப்பிவைத்த மெத்தை நாற்காலி மட்டும் வந்திருந்தது, அதில் ஒருவரும் உட்காரவில்லை. நான் இருந்தேன். எல்லோருக்கும் நடுவில், கையில் கட்டுடன், ஆதன் நின்றான். அவன் எப்படி வந்தான் என்பதைவிட, வந்தவனை நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் சொல்லத் தக்கது.

எங்கள் பட்டினத்தில் ஆறு பேர் சேர்ந்து கைபேசிக் குழு ஒன்றில் மூன்றாண்டுகளாக ஒரு கதையை எழுதிவருகிறோம். ஏழுதுறை என்ற நாடு. அதில் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் தம் பாத்திரம் செய்வதையும் சொல்வதையும் இரண்டு மூன்று பத்தி எழுதினால், அதற்கு விடையாக அடுத்தவர் தம் பாத்திரத்தை அசைப்பார். விதிகளை வகுத்தவள் நான். ஒருவருடைய பாத்திரத்தின் கையை இன்னொருவர் அசைக்கக்கூடாது, அதன் வாயில் ஒரு சொல்லையும் வைக்கக்கூடாது என்பது முதல் விதி. எழுதிய எவரையும் பதிலில்லாமல் நிறுத்திவைக்கக்கூடாது என்பது இரண்டாம் விதி. பதில் வராத பாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்கு உண்ணவும் உறங்கவும் வழியில்லை என்பதை நான் தெளிவாகவே எழுதியிருந்தேன்.

பல்தசார் எழுதியது மூன்று துறைமுகங்களை எரித்த கடற்கொள்ளையனை. ஹமீதா எழுதியது நஞ்சு காய்ச்சும் ராணியை. கோமதிநாயகத்தின் ஒற்றன் இரண்டு அரசர்களையும் மாறி மாறி விற்றான். ஜெபசீலியின் இரட்டையர் ஒருவரை ஒருவர் கொல்வதும் எழுவதுமாக இருந்தார்கள். நான் எழுதிய நீதிபதி சபையில் நேர்மையாளராகவும் நிலவறையில் கொடியவராகவும் இருந்தார், அதில் எனக்குக் கொஞ்சமல்ல, நிறையவே பெருமை இருந்தது. பிரகாசி ஒருத்திதான் நல்லவன் ஒருவனை எழுதினாள். அவளுடைய ஆதன் கடற்கோட்டையின் வாயிற்காவலன். வெளியே நிற்பவரை அவன் விரட்டுவதில்லை. உள்ளே இருப்பவர் போக விரும்பினால் அடைத்துவைப்பதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வான். அவ்வளவுதான் அவன்.

இது போதாதென்று ஐந்து பேரும் குறைபட்டோம். ராணி ஒரு வரியில் மூவரைக் கொன்றால் முப்பது பதில் வரும். ஆதன் ஒரு கர்ப்பிணிக்கு வாயிலைத் திறந்துவிட்டால் ஒரு கைகூப்பும் படம் வரும், அதுவும் கோமதிநாயகம் எல்லோருக்கும் காலையில் அனுப்பும் படம். பல்தசார்தான் ஒரு கூட்டத்தில் உடைத்துச் சொன்னார்.

"இந்தா பாரு தாயி, ஒன் ஆளு அடுத்து என்ன செய்வான்னு எனக்கு முந்தியே தெரிஞ்சிபோவுது. தெரிஞ்ச வரிய எதுக்கு உக்காந்து வாசிக்க? ஒரு களவாச்சும் பண்ணச் சொல்லு."

"ஒங்க கொள்ளக்காரன் அடுத்து எந்த ஊர எரிப்பான்னு எனக்குந்தான் தெரியுது, மாமா. தீப்பெட்டி மட்டும்தான் மாறுது" என்றாள் பிரகாசி.

சிரித்தோம், ஆனால் அவள் சொன்னது உண்மை என்பதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. மூன்றாண்டுகளில் நாங்கள் எழுதித் தீர்த்த கொலைகள் ஒரே அச்சில் வார்த்த செங்கற்களைப் போல இருந்தும், அவற்றை ஆழம் என்று அழைத்தோம். தீயவனுக்கு ஒரு கண்ணீர்த் துளி கொடுத்துவிட்டு அதைச் சிக்கல் என்று பாராட்டிக்கொண்டோம். நல்லவனுக்கு மட்டும் நாளொரு புதுமை வேண்டுமென்று கேட்டோம். பிரகாசி எங்களுக்காக அவனுக்கு இரண்டு குணங்கள் சேர்த்தாள். ஆதனுக்கு நாய் என்றால் பயம், சிறுவயதில் கடிபட்டவன். பனங்கற்கண்டு என்றால் உயிர். இதனால் நாங்கள் நிறைவடையவில்லை. ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே, ஒரே மனதாக, அவனுக்குப் பதில் எழுதுவதை நிறுத்தினோம்.

நாற்பத்தொரு நாள் அவன் வாயிலில் நின்றான். நாற்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மாதாந்தரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, உப்புக் காற்றில் வெளுத்த மேலாடையும் இடுப்பில் ஒரு பெரிய சாவியுமாக வாசகசாலையின் படியேறி வந்து, "என்னிடம் யாரும் பேசவில்லை, ஆகவே நானே வந்தேன்" என்றான். ஹமீதா அவனுக்குத் தேநீர் ஊற்றினாள். கோமதிநாயகம் ஆதார் அட்டை இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அது இல்லாமல் பட்டினத்தில் காலந்தள்ளுவது கஷ்டம் என்று வருத்தப்பட்டார். பிரகாசி மட்டும் எழுந்து, தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்து, "எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருந்தீக" என்று கேட்டாள். அவன் உட்கார்ந்தவாறே உறங்கிப்போனான். மறுநாள் நண்பகல் வரை அவனை எவரும் எழுப்பவில்லை.

பட்டினம் அவனை வியக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது. கோயில் சாவியை அவனிடம் கொடுத்தார்கள், மீன் ஏலத்தில் வரிசை பிடிக்க நிறுத்தினார்கள், பெண்பார்க்கப் போகிறவர்கள் நம்பிக்கைக்காக அவனை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் போனான், தெருவில் நாய் படுத்திருந்தால் மட்டும் மூன்று தெரு சுற்றிப் போவான். அவனுடைய எழுத்துத் தமிழைக் கேட்க டீக்கடையில் கூட்டம் நின்றது. "தேநீரில் பனங்கற்கண்டு இடுவீர்களா" என்று அவன் கேட்பதை நடித்துக் காட்டிப் பிள்ளைகள் விளையாடினார்கள்.

மூன்றே மாதத்தில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. பெண்வீட்டார் அவனைத் தனியே அழைத்து மாப்பிள்ளை எப்படி என்று கேட்க, மாப்பிள்ளைக்கு முன்பே ஒரு குடும்பம் இருப்பதை அவன் சொல்லிவிட்டான். ஏல வரிசையில் கவுன்சிலரின் மைத்துனருக்கு இடம் விடவில்லை. அவன் எதையும் தானாகச் சொல்லியதில்லை, கேட்டவர்களுக்குச் சொன்னான். கேட்பதை நிறுத்திக்கொள்வதுதான் முறை. பட்டினமோ மனு எழுதியது. மேற்படி ஆதன் என்பவர் சற்று வளைந்துகொடுப்பவராகத் திருத்தி எழுதப்பட வேண்டும் என்று அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டு, குழுவின் நிர்வாகி என்ற முறையில் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டினத்தில் மனு தட்டச்சு செய்வது பிரகாசியின் கடை ஒன்றுதான். தன் ஆளுக்கு எதிரான மனுவையும் அவளே, ஒரு பிழையில்லாமல், தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

வளையாத காவலன் வேண்டும் என்று கேட்டது இறால் கம்பெனி ஒன்றுதான். சரக்கு திருட்டுப் போகாமலிருக்க. முன்வாசலில் ஒரு முக்காலி போட்டு அவனை உட்கார்த்தினார்கள். பின்னால், இறால் உரிக்கும் கூடத்தின் கதவோரம், முதலாளியின் வேட்டைநாய் சங்கிலியில் கிடந்தது. கூடத்தில் பதினெட்டுப் பெண்கள் பனிக்கட்டி நீரில் கை மரத்துப்போக நின்று உரிப்பார்கள். அவர்கள் அடிக்கடி தேநீர் குடிக்கப் போகிறார்கள் என்று முதலாளிக்கு வருத்தம். ஆகவே வேலை நேரத்தில் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார். பூட்டியவன் ரெமிஜியுஸ். தினமும் பூட்டினான். பூட்டுவது ஆதனுக்குத் தெரியாது. முன்வாசலிலிருந்து அந்தக் கதவு தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் குளிர்பதனக் குழாய் வெடித்து அமோனியா கூடத்தை நிறைத்தது. சாவி ரெமிஜியுஸின் சட்டைப்பையில் இருந்தது. ரெமிஜியுஸ் தெருமுனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அலறல் கேட்டு ஓடிவந்த ஆதன் கதவுக்கு முன்னால் நாயைக் கண்டான். சுற்றிப் போக அங்கே தெரு இல்லை. அந்த நாய் அவன் இடது முன்னங்கையைக் கவ்வித் தொங்கிக்கொண்டிருக்க, வலக்கையால் கடப்பாரையைப் பிடித்துப் பூட்டை உடைத்தான். பதினேழு பேர் நடந்து வந்தார்கள். குழாய்க்கு அருகில் நின்ற மாடத்தியைத் தூக்கி வந்தான். அவளுக்கு முப்பத்து நான்கு வயது; இரண்டு கண்களும் போய்விட்டன.

கதவு பூட்டியிருந்தது என்று பதினேழு பெண்களும் சொன்னார்கள். வாயு ஏறிய தலைக்கு எதுவும் தோன்றும் என்று முதலாளி தரப்பு சொன்னது. இனி எஞ்சியது காவலன் சொல். முதலாளி ரெமிஜியுஸை அழைத்து, தான் கம்பெனியின் சொந்தக்காரன் மட்டுமே என்றும், பூட்டிய கை யாருடையதோ அந்தக் கைக்குத்தான் விலங்கு என்றும், உடைந்த பூட்டையும் சாவியையும் கடலில் எறிந்துவிட்டு ஆகவேண்டியதைப் பார் என்றும் சொன்னார். பிரகாசிக்கு ஆறு வயதில் தாய் போய்விட்டாள். அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன், தன் படிப்பை நிறுத்தி அவளைப் படிக்கவைத்தவன், அந்த ஜெராக்ஸ் இயந்திரத்தைத் தன் தோளில் சுமந்து கடைக்குள் இறக்கியவன் ரெமிஜியுஸ். ஆதன் வாய் திறந்தால் அவன் சிறைக்குப் போவான்.

அவள் ஆதனிடம் கேட்டுப் பார்த்தாள். கடையில் நானும் இருந்தேன்.

"நீங்க எதையும் பாக்கலன்னு சொன்னா எங்க அண்ணன் பொழச்சிக்கிடுவான்."

"கதவு பூட்டியிருந்தது, அம்மா."

"அவன் கெட்டவன் இல்ல. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும். எனக்குத் தினமும் பனங்கற்கண்டு வாங்கித் தந்தவர் அவர். சொல்லிவிட்டு நான் எப்படி உறங்குவேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கதவு பூட்டியிருந்தது."

அவன் அழுதுகொண்டிருந்தான். நாங்கள் மூன்றாண்டுகளாக அவனிடம் கேட்டது இதைத்தான். ஒரு நல்லவனுக்குள் ஒரு போர். கண்ணெதிரே நடந்தபோது எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. அவன் போன பிறகு நான் மற்ற நால்வரையும் கடைக்கு வரவழைத்தேன்.

குழுவில் அவன் பெயரில் எழுதினால் அவன் அதைச் செய்தாக வேண்டும்; அது எங்களுக்குத் தெரிந்திருந்தது. பிரகாசி எழுத மறுத்தாள். வேறொருவர் எழுதுவது முதல் விதிக்கு விரோதம். கோமதிநாயகம்தான் வழி கண்டார்: ஆளுக்கு ஒரு வரி எழுதினால், எந்த ஒருவரும் அவன் வாயில் பொய்யை வைத்ததாகாது, இன்சூரன்ஸில் இதற்குப் பொறுப்பைப் பங்கிடுதல் என்று பெயர். இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு வயதானவர்கள், இந்த வாதத்தைத் தலையசைத்து ஏற்றோம். பிரகாசி தன் கைபேசியைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க எழுதுங்க. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டி, ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து அதையே மறுபடி மறுபடி நகலெடுத்துக்கொண்டிருந்தாள்.

பல்தசார் எழுதினார்: அன்று நான் முன்வாசலில் இருந்தேன். ஹமீதா எழுதினாள்: சத்தம் கேட்டுப் பின்பக்கம் ஓடினேன். ஜெபசீலி எழுதினாள்: நெரிசலில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கோமதிநாயகம் எழுதினார்: மேற்பார்வையாளர் அதற்கும் முன்பே விடுப்பில் போயிருந்தார். கடைசி வரி என்னுடையது: பூட்டு எதையும் நான் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் நிறுத்தக்குறிகளைச் சரிபார்த்தேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஆகவே மறுநாள் முற்பகல், நான் மேலே பெயர் சொன்ன அனைவரும் அந்த மாடி அறையில் இருந்தோம். ஆய்வாளர் இன்பவல்லி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதுவதற்குத் தாளை நேராக்கிவைத்துக்கொண்டு, அன்றைக்குக் கண்டதைச் சொல்லுமாறு ஆதனைக் கேட்டார்.

அவன் வாய் திறந்தான். "அன்று நான் முன்வாசலில் இருந்தேன்" என்று அந்த வாயிலிருந்து வந்தது பல்தசாரின் குரல்; முப்பது வருடக் கிரேன் புகையில் கட்டிப்போன தொண்டை, நடுவில் அவருடைய இருமலும்கூட. அறையிலிருந்த எல்லோரும் பல்தசாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். "சத்தம் கேட்டுப் பின்பக்கம் ஓடினேன்" என்பது ஹமீதாவின் குரலில் வந்தது. தன் வாயிலிருந்து ஒரு பெண் பேசுவதைக் கேட்டு ஆதன் எங்களைப் பார்த்தான். ஒவ்வொருவராக, ஐந்து பேரையும் பார்த்தான். அதில் கோபமிருந்தால் தாங்கியிருக்கலாம். நாற்பத்தொரு நாள் வாயிலில் நின்றவனின் அதே முகம் அது. இரண்டு வரிகளும் உண்மை என்பதால் விட்டுக்கொடுத்தவன், மூன்றாம் வரி தொண்டைக்கு ஏறுவதை உணர்ந்ததும், கடிபட்ட கையும் நல்ல கையுமாகச் சேர்த்து வாயை அழுத்தி மூடிக்கொண்டான்.

எழுதியாயிற்று, வரி வெளியே வந்தாக வேண்டும். அவன் கழுத்து ஜெபசீலியின் வாக்கியத்தால் வீங்கியது. அதற்குப் பின்னால் கோமதிநாயகத்தின் வாக்கியம் வந்து முட்டியது. கடைசியில் என்னுடையது, விரலிடுக்கு வழியாக என் குரலின் நுனி கசிவதை நான் கேட்டேன், மாணவிகளை அதட்டிப் பழகிய ஆசிரியைக் குரல். கைக்கட்டில் இரத்தம் ஊறியது, அவன் கைகளை எடுக்கவில்லை. பொய்யை விட மாட்டான். எங்கள் வரிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் உண்மையையும் சொல்ல முடியாது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போனது. நல்லவனின் அடுத்த வரி தெரிந்துவிடுகிறது என்று சொன்ன பல்தசார், இருக்கையின் விளிம்புக்கு வந்து, வாய் பிளந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அடுத்த வரி தெரியவில்லை. ஆய்வாளர் பேனாவை எடுக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

பிரகாசி ஆதனைப் பார்க்கவில்லை. அவள் தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்கும் பார்வையாக அது எனக்குத் தோன்றவில்லை.

ரெமிஜியுஸ் எழுந்தான். மெத்தை நாற்காலி வழியில் கிடந்தது. அதைச் சுவரோரம் தள்ளினான். ஆதன் முன் போய் நின்று அந்தக் கைக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மேசைக்குப் போய், சட்டைப்பையில் கைவிட்டு, கடலில் எறியச் சொல்லப்பட்ட சாவியை எடுத்து, ஆய்வாளரின் வெள்ளைத்தாளின்மேல் வைத்தான். அது மேசையில் பட்ட ஓசைக்கு ஆதனின் கழுத்து தளர்ந்தது, கைகள் இறங்கின, அந்த வாயிலிருந்து மூச்சு மட்டும் வந்தது, அவனுடைய மூச்சு.

"இது எந்தப் பூட்டின் சாவி?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"உரிக்கும் கூடத்துக் கதவோடது. எங்க அண்ணன் கையில இருந்தது" என்றாள் பிரகாசி. அதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். உட்காருங்கள், உங்கள் வாக்குமூலத்தையும் எழுத வேண்டும் என்று ரெமிஜியுஸிடம் சொன்னார்; அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

வாசகசாலையின் படியிறங்கினால் இடப்பக்கம் கம்பெனியும் அவன் வீடும். வலப்பக்கம் மாடத்தி கிடக்கும் கண் ஆஸ்பத்திரி. நாங்கள் ஐந்து பேரும், வெட்கமில்லாமல், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனோம். பிரகாசி இருந்த இடத்திலேயே இருந்தாள். அண்ணே என்று அழைக்க எடுத்த மூச்சை அழைக்காமலே விட்டாள். ரெமிஜியுஸ் செருப்பை மாட்டாமல் கையிலெடுத்துக்கொண்டு, படியிறங்கி, வெயிலில் வலப்பக்கம் நடந்தான்.